தடை போடத் தெரிந்த சர்க்காருக்குப் படி போடத் தெரியாதா?

ஆடி பிறந்தால் பத்திரிகைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் வருகின்றன. காவிரியில் வெள்ளம், பரிசல் இயக்கத் தடை என்பது ஒன்று. வெள்ளம் வடிந்த பிறகு வருவது மற்றொன்று: பரிசலோட்டிகள் கூடுதல் பணம் கேட்கிறார்கள், சுற்றுலா வந்தவர்கள் வேதனைப்படுகிறார்கள் என்று. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே கிடக்கிற நாட்களில் அந்தப் பரிசலோட்டியின் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்ற மூன்றாவது செய்தியை எவரும் போடுவதில்லை. அதை நாம் எழுதுகிறோம்.

எடப்பாடி நகரத்தைக் காவிரி தொடுவதில்லை. நம் ஊர் வழியே போவது சரபங்கா. மழை கண்ட நாளில் ஆறு, மற்ற நாளில் மணலும் சாயக் கழிவும். தறிச் சத்தம் ஓயாத இந்த வறண்ட மேட்டு நிலத்தின் மேற்கு ஓரத்தில், பூலாம்பட்டியில்தான், ஜனங்கள் காவிரியைக் காண்கிறார்கள். அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு ஜில்லா. இக்கரை சேலம் ஜில்லா. நடுவே விசைப்படகும் பரிசலும். காலையில் பள்ளிப் பிள்ளைகளும், கூலி வேலைக்குப் போகிறவர்களும், மோட்டார் சைக்கிளோடு வியாபாரிகளும் அதில்தான் கடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு கூட்டம். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, தென்னை மரத்தையும் தண்ணீரையும் பார்த்து, "குட்டி கேரளா" என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சினிமாக்காரர்களும் வருகிறார்கள்.

இதே ஆற்றில் மேலே போனால் மேட்டூர் அணை. அதற்கும் மேலே, தர்மபுரி ஜில்லா பென்னாகரம் தாலுகாவில் ஒகேனக்கல். மாமரத்துக்கடவு, சின்னாறு, கோத்திக்கல், ஊட்டமலை என்ற துறைகளில் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் பரிசல் ஓட்டி ஜீவனம் நடத்துகிறார்கள். காய்ந்த கரட்டையும் முட்காட்டையும் அறுத்துக்கொண்டு ஆறு ஓடுகிற இடம் அது. வெய்யில் பாறையில் பட்டு அடுப்பு மாதிரி அனல் வீசும். அந்த அனலில் துடுப்புப் போடுகிறவனைத்தான் இன்று விவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. பரிசலோட்டி யார்? வண்டிக்காரனா? சும்மா இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறவனா?

மூங்கிலைப் பிளந்து, கூடை முடைவதுபோல முடைந்து, முன் காலத்தில் மாட்டுத் தோலையும் இப்போது பிளாஸ்டிக் சாக்கையும் போர்த்தித் தார் பூசிய வட்டத் தொட்டி அது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பு ஒரு சாண் தவறினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதைப் பாறை இடுக்கில், சுழிக்குப் பக்கத்தில், நாலு உயிரை வைத்துக்கொண்டு நடத்துவதற்கு எந்தக் கல்லூரியில் படிப்பு இருக்கிறது? கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்க மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் பிலிகுண்டுலுவில் இருக்கிறது. பரிசலோட்டியின் அளவுகோல் அவன் கண்ணிலேயே இருக்கிறது. எந்தக் கல் மூழ்கினால் எந்த வழி அடைபடும், தண்ணீரின் நிறம் மாறினால் மேலே எங்கே மழை, எந்த மடுவில் முதலை கிடக்கும், நீர்நாய் எந்தக் கரையில் ஏறும், கெண்டை எப்போது பாறை தாண்டும் – இவ்வளவும் அவன் பாடம். பரிசலில் ஏறி உட்கார்ந்த பள்ளிப் பிள்ளை கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன் அவன்தான். பூகோளப் புத்தகத்தில் மூன்று வரியில் முடிகிற காவிரியை அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் அவன்.

பூலாம்பட்டித் துறையில் ஒரு பெரியவரிடம் கேட்டோம்: "ஏனுங்கய்யா, இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இவ்வளவு சொல்லித் தர்றீங்களே, இதுக்கு யாராச்சும் தனியா ஏதாச்சும் குடுக்கறாங்களா?" பெரியவர் சிரித்தார். "அட ஏனுங் தோழர், ஏத்தி எறக்குனதுக்கே பேரம் பேசறாங்க. சொல்லிக் குடுத்ததுக்கு யாருங் காசு தருவாங்க?"

அவர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், மலையிலே இதே வேலைக்குச் சர்க்கார் ஒரு பெயர் வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை "டிரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 40 மலைப்பாதைகள். பயணிகளோடு போக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகள் என்று நியமித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். (அவர்களுக்குக் கிடைப்பது போதுமா என்பது வேறு கட்டுரைக்கு உரிய சங்கதி.) கேள்வி இதுதான்: காட்டில் நடந்து வழி காட்டினால் வழிகாட்டி, ஆற்றில் துடுப்புப் போட்டு வழி காட்டினால் வெறும் பரிசல்காரனா? பாறைக்கு ஒரு நியாயம், தண்ணீருக்கு ஒரு நியாயமா?

அதிகாரவர்க்கத்தின் பதில் நமக்குத் தெரியும். "பரிசல் அவர்களுடையது. அவர்கள் சுயதொழில் செய்கிறவர்கள். தொழிலாளி அல்ல. எனவே கூலி, படி, நஷ்ட ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்கிறார்கள். இந்த வாதத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

சுயதொழில்காரன் என்றால் தன் சரக்குக்குத் தானே விலை வைப்பான். ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் சவாரிக்கு என்ன கட்டணம் என்று யார் வைக்கிறார்கள்? சர்க்கார். எத்தனை பேரை ஏற்றலாம் என்று யார் சொல்கிறார்கள்? சர்க்கார். உரிமம் யார் கொடுப்பது? எந்தத் துறையிலிருந்து எந்த வழியாகப் போக வேண்டும், உயிர்காப்பு அங்கி போட வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்றெல்லாம் யார் உத்தரவு போடுவது? எல்லாம் சர்க்கார். பூட்டும் சர்க்கார் கையில், சாவியும் சர்க்கார் கையில். நஷ்டம் மட்டும் பரிசலோட்டிக்குச் சொந்தமாம்! எந்த முதலாளியும் தன் ஆலைத் தொழிலாளியை இதைவிட நெருக்கமாகக் கட்டிப் போட்டதில்லை. ஆலை முதலாளி யந்திரத்தையாவது தானே வாங்கி வைப்பான். இங்கே யந்திரத்தையும் தொழிலாளியே முடைந்து, தார் பூசி, தலையில் சுமந்துகொண்டு வர வேண்டும். அதையே காட்டி "நீ முதலாளி" என்கிறார்கள்.

கட்டணம் இப்படி என்றால், ஆற்றின் தண்ணீர் யார் கையில்?

காவிரி இயற்கையாக ஓடுகிறது என்று எண்ணுகிறவர்கள் பூலாம்பட்டிக்கு வந்து பார்க்கட்டும். அந்தத் தண்ணீர் ஏரி மாதிரி நிற்பது சுவாமி வரத்தால் அல்ல. மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது மின்சாரக் கணக்கு. மேலே மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 120 அடி, 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளளவு. ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் திறப்பது, ஆகஸ்டில் கிழக்கு மேற்குக் கரை வாய்க்கால்களில் 45,000 ஏக்கருக்குத் திறப்பது என்று அதற்கொரு நாட்காட்டி. ஒகேனக்கல்லுக்கு வரும் தண்ணீரோ கபினியும் கிருஷ்ணராஜசாகரும் எப்போது கதவைத் திறக்கின்றன என்பதைப் பொறுத்தது. உழவனுக்குத் தண்ணீர் போவதை நாம் குறை சொல்லவில்லை. விளக்கு எரிவதையும் குறை சொல்லவில்லை. இந்த நாட்காட்டிகள் ஒன்றிலாவது, துடுப்பு பிடிக்கிறவனுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறதா என்று கேட்கிறோம்.

2024-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்குச் சில நூறு கன அடியாகச் சுருங்கிவிட்டது. (ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.) அருவி நூலாய் இளைத்தது. வந்த கூட்டம் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சரி, மழை வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஜூலையில் வந்தது! லட்சம் கன அடியைத் தாண்டி வந்தது. ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. உபரி நீர் பொங்கிப் போயிற்று. ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. பூலாம்பட்டியில் படகுக்குத் தடை. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் இறங்கவும் கட்டுப்பாடு. பரிசல் துறையில் நாலு காசு பார்க்கிற ஒரே மாதம் ஆடி. அந்த மாதம் பரிசல் கவிழ்த்துக் கரையில் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஒரு பட்டினி, தண்ணீர் வந்து ஒரு பட்டினி! 2018-இலும் இதே கதை, 2022-இலும் இதே கதை. அந்த இரண்டு வருஷமும் மேட்டூரிலிருந்து போன உபரி இரண்டு லட்சம் கன அடி வரை ஏறியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளத்தில் பரிசல் விடு என்று நாம் கேட்கவில்லை. தடை சரியே. தடையை மீறி ஆள் ஏற்றினால் முதலில் சாவது பரிசலோட்டிதான். அது அவனுக்குக் கலெக்டரைவிட நன்றாகத் தெரியும். நாம் கேட்பது வேறு. ஜனங்களின் உயிரைக் காப்பதற்காக ஒருவனின் வேலையைச் சர்க்கார் நிறுத்துகிறது. பாதுகாப்பு ஊருக்கெல்லாம். அதற்கான செலவு மட்டும் ஏன் பரிசலோட்டியின் சோற்றுப் பானையிலிருந்து போக வேண்டும்?

இது நடக்காத காரியம், புது வழக்கம் என்று சொல்லிவிடாதீர்கள். கடலிலே இது இருக்கிறது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று, கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அந்தத் தடைக்கு நிவாரணம் உண்டு. மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்றிருந்ததை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். அது போதுமா என்றால் போதாது. மீனவத் தோழர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தத்துவம் ஒப்புக்கொள்ளப்பட்டதல்லவா? தடை போட்டால் படி கொடு என்ற தத்துவம்! உப்புத் தண்ணீரில் ஒப்புக்கொண்ட நியாயம் நல்ல தண்ணீரில் ஏன் கரைந்து போகிறது?

சில தோழர்களிடம் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறது. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளை படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு, சாவுக்கு அதில் ஒரு தொகை உண்டு. போராடி வாங்கிய அட்டை அது, இளப்பமாகப் பேசமாட்டோம். வேலை நின்ற நாளுக்கு அதில் இடமில்லை. செத்தால் பணம் உண்டு, பசித்தால் இல்லை.

"குட்டி கேரளா" என்று பூலாம்பட்டிக்குப் பேர் வைத்தார்களே, அவர்களை ஒன்று கேட்க வேண்டும். தென்னை மரத்தைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். கேரளத்தில் படகு ஓட்டுகிறவனைப் பார்த்தார்களா? அங்கே 1968-இல் மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை என்று தனித் துறையே அமைத்தார்கள். ஆலப்புழையில் தலைமையகம். அந்தத் துறையின் படகில் சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்க், இயந்திரம் பார்க்கிற டிரைவர், கயிறு கட்டுகிற லஸ்கர் ஆகியோர் சர்க்கார் ஊழியர்கள். மாதச் சம்பளம். கேரளத்தில் எல்லாப் படகுக்காரனும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. உல்லாசப் படகுகளில் தனியார் ராஜ்யம்தான். ஆனால் ஜனங்கள் கடக்கிற படகை நடத்துவது சர்க்காரின் கடமை என்று அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே? 1890-ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் போட்ட கால்வாய், பரிசல் துறைச் சட்டத்தின் மனப்பான்மை இன்னும் போகவில்லை. துறையை ஏலம் விடு, அதிகம் கேட்டவனுக்குக் கொடு, வந்த பணத்தைக் கஜானாவில் போடு! ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எங்கே எடுப்பான்? துடுப்பு பிடிக்கிறவன் கூலியில் எடுப்பான், கடக்கிற ஏழை ஜனங்களின் மடியில் எடுப்பான். பேரை மட்டும் கேரளத்திலிருந்து கொண்டுவந்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு வாதமும் உண்டு. படித்தவர்கள் சொல்வது. "வெளிநாட்டிலே நதி வழிகாட்டிகள் பணத்துக்காகவா வேலை செய்கிறார்கள்? ஆற்றின் மேல் காதலால் அல்லவா செய்கிறார்கள்?" என்கிறார்கள். அந்த வெளிநாட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் கொலராடோ நதி பாலைவனத்தை அறுத்துக்கொண்டு, ஒரு மைல் ஆழப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. 1869-இல் ஒரு கையை யுத்தத்தில் இழந்த பவல் என்பவர் படகுகளோடு அதில் இறங்கினார். 1938-இல் நெவில்ஸ் என்பவர் கட்டணத்துக்கு ஆள் ஏற்றினார். அந்த முதல் பயணத்திலேயே செடி கொடி ஆராய வந்த பெண் விஞ்ஞானிகள் இருவர் இருந்தார்கள். அன்று முதல் அங்கே படகோட்டி என்றால் பாறையின் வயது சொல்கிறவன், செடியின் பேர் சொல்கிறவன், சோறு சமைக்கிறவன், உயிர் காக்கிறவன் எல்லாம்தான். 1963-இல் மேலே கிளென் கான்யன் அணையை மூடினார்கள். மின்சாரம் விற்கிற கணக்குப்படி தண்ணீர் பகலில் ஏறியது, இரவில் இறங்கியது. இரவில் கட்டிய படகு காலையில் மணலில் கிடந்தது. மணல் கரைகள் அரித்துப் போயின. பூலாம்பட்டித் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்! அந்த வழிகாட்டிகள் 1988-இல் சங்கம் அமைத்தார்கள். அணையை இஷ்டம்போல் திறந்து மூடாதே என்று கூக்குரல் எழுந்தது. 1992-இல் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கச் சட்டம் வந்தது.

கூலி விஷயத்தில் என்ன ஆயிற்று? அங்கேதான் காதல் வேஷம் கலைகிறது. பல நாள் பயணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது வழக்கம். மணிக் கணக்கு இல்லை. சர்க்கார் நிலத்தில் உரிமம் பெற்று நடத்துகிற கம்பெனிகள் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஒபாமா காலத்தில் 2014-இல் உத்தரவு வந்தது. 2018-இல் டிரம்ப் இந்தப் படகுத் தொழில் உள்ளிட்ட பருவகாலப் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு விலக்கு அளித்தார். 2021-இல் பைடன் விலக்கை ரத்து செய்து, மணிக்கு 15 டாலர் என்றார். உடனே கொலராடோ மாநிலத்துப் படகுச் சவாரி முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டுக் கோர்ட் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்க மறுத்தது. தொழிலாளி ஜெயித்தான் என்று எண்ணுவதற்குள், மார்ச் மாதத்தில் டிரம்ப் அந்த 15 டாலர் உத்தரவையே கிழித்துப் போட்டார்! ஆற்றின் மேல் அவ்வளவு காதல் என்றால், காதலுக்கு எதிராக முதலாளிகள் வக்கீல் வைத்து வாதாடுவானேன்?

அங்கே கூலி உத்தரவை உடைக்க முதலாளி கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இங்கே பரிசலோட்டிக்கு உடைப்பதற்கும் ஓர் உத்தரவு கிடையாது. டில்லியில் 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நாலு தொகுப்பாக்கி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். செல்போனில் ஆர்டர் பிடித்துச் சோறு கொண்டு போகிறவனுக்கு அதில் ஒரு பெயராவது இருக்கிறது. காவிரியில் துடுப்புப் போடுகிறவன் அந்தப் பெரிய புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று மந்திரிமார்கள் காட்டட்டும்.

உள்ளூர்க் கதைக்கு வருவோம். 2017 முதல் 2021 வரை முதலமைச்சராக இருந்தவர் இந்த எடப்பாடித் தொகுதிக்காரர். மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா பக்கம் ஏற்றி 100 ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாய்த் திட்டம் அவர் காலத்தில் வந்தது. அந்தத் திட்டத்தின் நல்லது கெட்டது விவசாயிகள் பேச வேண்டிய விஷயம். இங்கே அதில் இறங்கவில்லை. வெள்ளத் தண்ணீரின் உபரிக்குக் கோடிக் கணக்கில் குழாய் போட முடிந்தது. அதே வெள்ளத்தில் வேலை இழந்தவனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு வழி காணவில்லை. 2021-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் சுற்றுலாவைத் தொழிலாக அறிவிப்போம், வளர்ப்போம் என்றார்கள். கட்டடம் கட்டினார்கள், பலகை வைத்தார்கள். தடை நாளுக்குப் படி என்ற பேச்சை அவர்களும் எடுக்கவில்லை. கொடி மாறியது, துறையில் கவிழ்த்து வைத்த பரிசல் அப்படியே கிடந்தது.

ஆகவே நமது கோரிக்கை இது. கலெக்டர் தடை உத்தரவில் கையெழுத்துப் போடுகிற நாளிலிருந்து, தடை நீங்கும் நாள் வரை, உரிமம் பெற்ற ஒவ்வொரு பரிசல் தொழிலாளிக்கும் நாள் கணக்கில் படி வேண்டும். கடல் மீனவருக்குக் கொடுக்கிற அதே தலைப்பில் கொடுக்கலாம்; புதுக் கஜானா தேவையில்லை. பரிசல், படகுத் துறைகளை ஏலம் விடுவதை நிறுத்தி, ஓட்டுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். ஆற்றைக் கற்பிக்கிறவன் என்ற முறையில் அவனுக்கு வழிகாட்டிச் சான்று வேண்டும். அந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களும் ஆற்றிலேயே தலை நரைத்த பெரியவர்களாக இருக்க வேண்டும், சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிற கன்சல்டன்டாக இருக்கக் கூடாது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்து வரும்போது பரிசல் கட்டணத்தோடு பாடம் சொன்னதற்கும் ஒரு தொகையைக் கல்வித் துறை கொடுக்கட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒவ்வொரு சவாரியிலும், நுழைவிலும், வண்டி நிறுத்தத்திலும் வசூலாகிற பணம் எங்கே போகிறது என்று நாம் கேட்போம். அதில் ஒரு பங்கைத் தடைக்கால நிதி என்று தனியே வைத்தால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

பூலாம்பட்டி, கோனேரிப்பட்டி, மேட்டூர், ஒகேனக்கல் துறைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். என்றைக்குத் தடை போட்டார்கள், என்றைக்கு எடுத்தார்கள், அன்றைக்கு மேட்டூரில் எத்தனை கன அடி, உங்களுக்கு நின்றுபோன சவாரி எத்தனை என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். தடை உத்தரவு பத்திரிகையில் வந்தால் அந்தத் துண்டைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுங்கள். வரும் வெள்ளம் வடிந்தவுடன் எடப்பாடி, மேட்டூர், பென்னாகரம் தாலுகா ஆபீசுகளுக்கு அந்த நோட்டுகளோடு ஒரே நாளில் போவோம். தனித்தனியாகப் போய்க் கும்பிடு போட்டு நிற்க வேண்டாம்.